ஸ்டேபிள் வெர்ஷனில் பெரிய பிழை வந்தால் என்ன நடக்கும்? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றி இருபது இருபத்தைந்து இடங்களில் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் பெரிய வீட்டை விடுதியாக்கி நடத்தும் குடும்பம், காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை, தேவகோட்டையில் ஒரு பள்ளி லேப் என்று பல வகை. லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஒரு இயங்குதளம்; டெபியனும் உபுண்டுவும் அதன் இரண்டு விநியோகங்கள். பெரும்பாலான இடங்களில் டெபியன், சில இடங்களில் உபுண்டு. எங்கே போனாலும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் பாதி சொல்லி பாதி விட்டுப்போகிறது என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணே, ஸ்டேபிள்னு சொல்றாங்களே, அப்ப அதுல தப்பே இருக்காதுதானே?

இருக்கும். எந்த மென்பொருளிலும் இருக்கும். ஸ்டேபிள் என்ற சொல் மாறாமல் நிற்பதைக் குறிக்கிறது. இன்று உங்கள் பில் எப்படி அச்சாகிறதோ அப்படியே அடுத்த வருடமும் அச்சாகும், நேற்று இருந்த பொத்தான் இன்று காலையில் காணாமல் போகாது. அந்தச் சொல் தரும் வாக்கு அவ்வளவுதான்.

டெபியனில் புதிய நிரல் முதலில் 'அன்ஸ்டேபிள்' என்ற கிளைக்கு வரும். சில நாள் பெரிய புகார் இல்லாமல் கழிந்தால் 'டெஸ்டிங்' கிளைக்கு நகரும். ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டிங்கை அப்படியே நிறுத்தி வைத்து, பெரிய பிழைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, ஸ்டேபிளாக வெளியிடுவார்கள். டெபியன் 12 வந்தது 2023 ஜூன் 10. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9. அதற்குப் பிறகு அதில் உள்ள நிரல்களின் வெர்ஷன் பொதுவாக மாறாது. ஆனால் லட்சக்கணக்கான பேர் பயன்படுத்தத் தொடங்கியதும் புதுப்பிழைகள் தெரியவரும். அவற்றை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதுதான் கீழே உள்ளதெல்லாம்.

எது பெரிய தப்பு, எது சின்னத் தப்புன்னு யாரு முடிவு பண்றது?

புகார் கொடுப்பவர் ஒரு தரம் போடுவார். அந்த நிரலைப் பராமரிப்பவர் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். டெபியனில் மேல்தட்டில் மூன்று தரம் உண்டு. சம்பந்தமே இல்லாத மற்ற நிரல்களையோ முழுக் கணினியையோ கெடுத்தால், பெரிய அளவில் தரவு அழிந்தால், அது 'கிரிட்டிகல்'. அந்த நிரலே பயன்படாமல் போனாலோ, தரவு இழப்பு நேர்ந்தாலோ, பயனரின் கணக்குக்குள் பிறர் நுழைய வழி திறந்தாலோ 'கிரேவ்'. டெபியனின் கொள்கை விதிகளை மோசமாக மீறினால் 'சீரியஸ்'. இந்த மூன்றில் ஏதாவது ஒரு தரப் பிழை தீராமல் இருந்தாலும் அந்த நிரல் அடுத்த வெளியீட்டில் சேர முடியாது. ஏற்கெனவே வெளியான ஸ்டேபிளில் திருத்த வேண்டுமானால், இதற்கு ஒரு படி கீழே உள்ள 'இம்பார்ட்டன்ட்' தரமாவது இருக்க வேண்டும்.

சேலைக் கடை ரசீதில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு தள்ளி விழுந்தது. தமிழ் அப்படிச் சிதைந்து அச்சாவதைப் பார்க்க எனக்கும் மனம் பொறுக்கவில்லை. ஆனாலும் தொகை சரியாக இருந்தது, கணக்கும் அழியவில்லை. அந்த மாதிரிப் பிழைக்கு ஸ்டேபிளில் திருத்தம் வருவது அரிது. அடுத்த வெளியீட்டில் வரும்.

சரி, தப்பு தெரிஞ்சாச்சு. அடுத்து யாரு என்ன செய்வாங்க?

இரண்டு வழி உண்டு. பாதுகாப்பு ஓட்டை என்றால் டெபியனின் பாதுகாப்புக் குழு நேராகக் கையிலெடுக்கும். திருத்திய நிரலைத் தனிக் களஞ்சியத்தில் வைத்து, டிஎஸ்ஏ என்ற எண்ணோடு அறிவிப்பு வெளியிடும். அன்றைக்கே உங்கள் கணினி அதை எடுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்போடு சம்பந்தப்படாத பெரிய பிழைக்கு வழி கொஞ்சம் நீளம். நிரலை மூலத்தில் எழுதுபவர்கள் திருத்துவார்கள். டெபியனில் அதைப் பராமரிப்பவர் முதலில் அன்ஸ்டேபிளில் அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பார். பிறகு ஸ்டேபிளில் உள்ள பழைய வெர்ஷனுக்கு அந்தத் திருத்தத்தை மட்டும் பொருத்தி, என்னென்ன வரி மாறியது என்று காட்டும் கோப்பை ஸ்டேபிள் வெளியீட்டு மேலாளர்களுக்கு அனுப்புவார். அவர்கள் படித்துச் சம்மதித்தால் அது 'ப்ரொப்போஸ்டு அப்டேட்ஸ்' என்ற இடத்தில் காத்திருக்கும். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் சேர்ந்ததையெல்லாம் திரட்டி 12.1, 12.2 என்று வெளியிடுவார்கள். அன்ஸ்டேபிளில் ஏன் முதலில்? இல்லாவிட்டால் நீங்கள் 12-லிருந்து 13-க்கு மாறும் நாளில், தீர்ந்துபோன பிழை திரும்ப வந்து நிற்கும்.

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: அடுத்தாள் எழுதிய கணக்கை, அவருக்கு மேலே கடைப் பொறுப்பில் இருக்கும் மேலாள் ஒருமுறை பார்க்காமல் ஊருக்கு அனுப்ப மாட்டார்களாம். அடுத்தாள் மேல் சந்தேகம் இருந்து அப்படிச் செய்ததில்லை. எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பதால் செய்தார்கள். இங்கேயும் அதே காரணம்தான்.

புது வெர்ஷன்ல சரியாயிடுச்சுன்னு போட்டிருக்கே. அதையே போட்டுட்டா என்ன?

இதைக் கேட்டவர் ஆத்தங்குடிப் பட்டறைக்காரர். நான் அவரிடமே திருப்பிக் கேட்டேன்: "வளவுல ஒரு டைல்ஸ் உடைஞ்சா என்ன செய்வீங்க?" அந்த ஒன்றை மட்டும் பெயர்த்தெடுத்து, அதே அளவில், அதே கனத்தில், அதே பூ வருகிற அச்சில் வார்த்துப் பதிப்போம் என்றார். கனம் ஏன் என்றேன். "அரை அங்குலம் ஏறிட்டா கதவு திறக்காதுல்ல" என்றார். அவர் கேள்விக்கு அதுவே பதில்.

புது வெர்ஷனில் உங்கள் பிழைக்கான திருத்தம் மட்டும் வராது. இரண்டு வருடமாகச் சேர்ந்த மாற்றம் எல்லாம் கூடவே வரும். செட்டிங் கோப்பின் அமைப்பு மாறியிருக்கும், பழைய கோப்பைப் படிக்கும் விதம் மாறியிருக்கும், இதை நம்பியிருக்கும் வேறு பத்து நிரல்களும் மாற வேண்டியிருக்கும். நானே ஒருமுறை தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு கடையில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பழையதிலிருந்து 14-க்கு மாற்றினேன். 14 முதல் கடவுச்சொல்லைச் சேமிக்கும் இயல்பான முறை மாறிவிட்டது. பில் மென்பொருளின் பழைய இணைப்பு நிரலுக்கு அந்தப் புது முறை தெரியவில்லை. அரை நாள் கையால் பில் எழுதினார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் நின்ற வாடிக்கையாளர்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால்தான் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் பதிக்கிறார்கள். இதற்குப் பேக்போர்ட் என்று பெயர். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் ஸ்டேபிள் கிளைக்கு எழுதி வைத்த விதியே உண்டு: திருத்தம் முதன்மைக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும், சரியென்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், சோதித்திருக்க வேண்டும், சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது.

ஆடிட்ல ஸ்கேன் பண்ணாங்க. ஓபன்எஸ்எஸ்எல் பழைய வெர்ஷன், ஆபத்துன்னு சிவப்புல வந்திருக்கு. நீங்க அப்டேட்டே போடலையா?

போட்டிருக்கிறேன். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பயந்துபோய்க் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் நூலகம்; நூலகம் என்றால் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுதி. 2014 ஏப்ரல் 7-ல் அதில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. அதன் அடையாள எண் சிவிஇ-2014-0160. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாவற்றிலும் அது இருந்தது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் ஒவ்வொரு முறைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை உருவி எடுக்க முடிந்தது. மூலத்தில் எழுதுபவர்கள் திருத்தி 1.0.1ஜி வெளியிட்டார்கள். ஆனால் அப்போது ஸ்டேபிளாக இருந்த டெபியன் 7 என்ன செய்தது? தன்னிடம் இருந்த 1.0.1இ-யிலேயே அந்தத் திருத்தத்தைப் பதித்து, 1.0.1இ-2+டெப்7யூ5 என்று வெளியிட்டது. முன்பாதியைப் பார்த்தால் ஓட்டை உள்ள வெர்ஷன். பின்பாதியில் உள்ள 'டெப்7யூ5' தான் 'டெபியன் 7-க்கான ஐந்தாவது திருத்தம்' என்று சொல்கிறது. ஸ்கேன் கருவிகள் பல முன்பாதியோடு நின்றுவிடுகின்றன.

ஆடிட்காரர்களுக்கு என்ன பதில் கொடுப்பது என்றால், அவர்கள் சொல்லும் சிவிஇ எண்ணை வாங்குங்கள். டெபியனின் செக்யூரிட்டி டிராக்கரில் அந்த எண்ணைத் தேடினால் எந்த வெளியீட்டில், எந்தப் பொதி (நிறுவுவதற்காகக் கட்டிய நிரல் தொகுப்பு) எண்ணில் திருத்தம் வந்தது என்று இருக்கும். உங்கள் கணினியில் உள்ள எண் அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் முடிந்தது. அந்தப் பொதியோடு வரும், மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாக் கோப்பிலும் சிவிஇ எண்ணோடு ஒரு வரி இருக்கும். அதை அச்சடித்துக் கொடுங்கள். சிவப்பைப் பார்த்துப் பயந்து, வெளியிலிருந்து புது ஓபன்எஸ்எஸ்எல் இறக்கிப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அடுத்த ஓட்டைக்கு டெபியன் தரும் திருத்தம் அதற்கு வராது.

அப்டேட் போட்டாச்சு. இனி கவலை இல்லைல்ல தம்பி?

கானாடுகாத்தான் ஆச்சி கேட்டது. இன்னும் ஒரு வேலை பாக்கி ஆச்சி. கோப்பு மாறிவிட்டது, ஆனால் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழையதைத்தான் நினைவகத்தில் வைத்திருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகம் மாறினால் அதைப் பயன்படுத்தும் சேவைகளை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எவையென்று 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி சொல்லிவிடும். கர்னல் மாறினால் கணினியையே ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். ஆறு மாதம் அணைக்காமல் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லும் சர்வர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது.

சில பிழைகள் போகும்போது தடயத்தை விட்டுப்போகும். போஸ்ட்கிரெஸ் 14.0 முதல் 14.3 வரை, வேலை நடக்கும்போதே இண்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) கட்டும் வசதியில் ஒரு பிழை இருந்தது. இண்டெக்ஸ் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். வழக்கமான அட்டவணைக்குக் காத்திருக்காமல் 2022 ஜூன் 16-ல் 14.4 வெளியிட்டார்கள். ஆனால் 14.4 புதிதாகக் கெடாமல்தான் தடுக்கும். முன்பே கெட்டதை நீங்கள்தான் திரும்பக் கட்ட வேண்டும். ஹார்ட்பிளீடிலும் அப்படித்தான். ஓட்டை அடைபட்டாலும் அதற்குள் சர்வரின் ரகசியக் குறியாக்கச் சாவி வெளியே போயிருக்கலாம் என்று சான்றிதழ்களையும் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டியிருந்தது. அப்டேட்டுக்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அறிவிப்பில் இரண்டு வரி இருக்கும். அதைத் தவறாமல் படியுங்கள்.

ஒரு வரி மாத்தறதுக்கு இத்தனை பேர் பார்க்கணுமா? எங்க பையனே மாத்திடுவானே சார்?

கல்லூரி மாணவர்கள் கேட்கும் கேள்வி. அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இதை நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

2006-ல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல்லைப் பராமரித்தவர், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி ஒரு எச்சரிக்கை காட்டுகிறது என்று, அதற்குக் காரணமான வரிகளைச் செயலிழக்கச் செய்தார். நல்ல எண்ணத்தில் செய்தது. மூலக் குழுவினரிடமும் கேட்டிருந்தார். ஆனால் போன வரிகளில் ஒன்றுதான் சாவி உருவாக்கத் தேவையான எதேச்சைத் தன்மையைக் கலந்துகொண்டிருந்தது. அது போனதும், மிஞ்சியது ஓடும் நிரலின் வரிசை எண் மட்டும். ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஒவ்வொரு அளவுக்கும் உலகத்திலேயே 32,767 சாவிகள்தான் உருவாக முடிந்தது. அத்தனையையும் ஒரு சாதாரணக் கணினி உட்கார்ந்து எண்ணிவிடும். இது வெளியே தெரிந்தது 2008 மே 13-ல். ஒன்றரை வருடத்துக்கு மேல் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் எல்லாம் குப்பைக்குப் போயின.

வரி எண்ணிக்கையை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட எனக்கு உதாரணம் தெரியாது. உங்கள் பையன் மாற்றட்டும், நல்லதுதான். மாற்றியதை அந்த நிரலை எழுதுபவர்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

சரி பண்ண வந்த அப்டேட்டே கெடுத்துட்டா என்ன செய்றது?

நடந்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 9-ல் டெபியன் 12.3 வரவிருந்தது. அதில் இருந்த கர்னல் 6.1.64-ல் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவு கெடும் பிழை ஒன்று தெரியவந்தது. நிறுவுவதற்கான வட்டுப் பிம்பங்களின் வெளியீட்டை அப்படியே நிறுத்தினார்கள். மறுநாள் டிசம்பர் 10-ல் கர்னல் 6.1.66-ஓடு 12.4 என்று வெளியிட்டார்கள்.

பிழை எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். முதன்மைக் கர்னலில் சரியாக வேலை செய்த ஒரு திருத்தத்தை 6.1 கிளைக்குப் பேக்போர்ட் செய்தார்கள். அந்தத் திருத்தம் அதற்கு முன்பே நடந்த வேறொரு மாற்றத்தை நம்பியிருந்தது. அந்த மாற்றம் 6.1 கிளையில் இல்லை. மேலே பட்டறைக்காரர் சொன்னாரே கனம், அதேதான். டைல்ஸில் குறையில்லை, அடியில் இருந்த சாந்து வேறு. மேலே சொன்ன எல்லா விதியையும் கடந்து வந்த திருத்தம் அது. பார்ப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் இப்படி ஒன்று தப்பி வரும். அதனால்தான் காத்திருக்கும் இடமும் வேண்டும். உபுண்டுவில் ஸ்டேபிளுக்கான திருத்தம் 'ப்ரொப்போஸ்டு' பகுதியில் குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரேயடியாக எல்லோருக்கும் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் உடனே எல்லோருக்கும்.

இன்னொரு விதமும் உண்டு: திருத்தம் கெடுக்கவில்லை, ஆனால் போதவில்லை. 2014 செப்டம்பரில் கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரலில் ஷெல்ஷாக் ஓட்டை வந்தபோது முதல் திருத்தம் பாதியைத்தான் அடைத்தது. அடுத்தடுத்த நாட்களில் மறுபடி அப்டேட் வந்தது. ஒரே நிரலுக்கு ஒரே வாரத்தில் இரண்டு அப்டேட் வந்தால் இரண்டையும் போடுங்கள்.

ஓபன் சோர்ஸ்ல எல்லாம் வெளிப்படைன்னு சொல்வாங்க. ஆனா ஓட்டையை ரகசியமா வச்சு அடைக்கிறாங்களாமே?

ஆமாம், கொஞ்ச நாளைக்கு. ஓட்டையைக் கண்டவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டால், திருத்தம் உங்கள் கணினிக்கு வருமுன் திருடன் வந்துவிடுவான். அதனால் மூலக் குழுவுக்கும், டெபியன், உபுண்டு, ரெட்ஹேட் போன்றவற்றின் பாதுகாப்புக் குழுக்களுக்கும் மட்டும் முன்கூட்டித் தெரிவிப்பார்கள். எல்லோரும் திருத்தத்தைத் தயார் செய்து ஒரே நாளில் வெளியிடுவார்கள். லினக்ஸ் விநியோகங்கள் சேர்ந்து பயன்படுத்தும் தனி அஞ்சல் குழுவில் அதிகபட்சம் 14 நாள்தான் இப்படி வைத்திருக்கலாம். நாள் முடிந்ததும் திருத்தம், காரணம், யார் கண்டுபிடித்தார் என்பது எல்லாமே பொதுவுக்கு வரும். காலவரையறை இருக்கிற ரகசியம் என்பதால் இதை நான் தவறென்று நினைக்கவில்லை.

தானா அப்டேட் ஆகுற மாதிரி வச்சிடலாமா?

கடை, விடுதி, பள்ளி லேப் இவற்றில் வைத்துவிடுங்கள். 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற கருவி அதைப் பார்த்துக்கொள்ளும். நாளைக்குப் போடலாம் என்று தள்ளிவைத்தே ஆறு மாதம் ஓடிய இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தின் ஆபத்து, ஒரு அப்டேட் கெடுத்துவிடும் ஆபத்தைவிடப் பல மடங்கு. பாதியில் கரண்ட் போய்விடும் என்ற பயம் நியாயமானது. யூபிஎஸ் இல்லாத இடத்தில் கரண்ட் அடிக்கடி போகும் நேரத்தைத் தவிர்த்து நேரம் குறித்து வையுங்கள்.

தரவுத்தளம் ஓடும் சர்வரில் மட்டும் வேறு மாதிரி. முதலில் பேக்கப். பிறகு வேறொரு கணினியில் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு இதில் போடுங்கள்.

சின்ன மாற்றம்தான் வரும்னீங்க. ஃபயர்பாக்ஸ் மட்டும் மொத்த வெர்ஷனே மாறிப்போச்சே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பிரவுசரில் மாதாமாதம் ஓட்டைகள் அடைபடுகின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு வருடப் பழைய வெர்ஷனில் பதிப்பது யாராலும் ஆகாத காரியம். அதனால் டெபியன், மொசில்லா நீண்ட நாள் ஆதரவு தரும் இஎஸ்ஆர் கிளையை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கிளைக்கு ஆயுள் ஒரு வருடம் சொச்சம். முடிந்ததும் அடுத்த இஎஸ்ஆர் கிளைக்கு மொத்தமாக மாறுகிறது. விதிக்கு விலக்குதான், ஆனால் தெரிந்தே கொடுத்த விலக்கு. போஸ்ட்கிரெஸ்ஸின் 14.3, 14.4 மாதிரிச் சிறு வெளியீடுகளும் முழுசாகவே ஸ்டேபிளுக்குள் வருகின்றன. அந்தக் குழு சிறு வெளியீட்டில் புது வசதி எதையும் சேர்ப்பதில்லை என்ற நம்பிக்கைதான் காரணம்.

லேப்ல டெபியன் 10 நல்லா ஓடுது சார். அப்டேட்டும் வர்றதில்லை, தொந்தரவும் இல்லை. அப்படியே விட்டுடலாமா?

வேண்டாம். அப்டேட் வராததற்குக் காரணம், அதற்குத் திருத்தம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். டெபியன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 3 வருடம் முழு ஆதரவும், அதன் பிறகு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) குழு மூலம் இன்னும் 2 வருடமும் தருகிறது. டெபியன் 10-க்கு அது 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. உபுண்டுவின் எல்டிஎஸ் வெளியீடுகளுக்குப் பொதுவாக 5 வருடம்.

தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய பழைய லேப்டாப்களை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அன்றைக்கு வந்த வெர்ஷனோடு இணையத்தில் சேர்க்காதீர்கள். லேப்டாப் நன்றாக இருந்தால் இப்போதைய டெபியனைப் போட்டுக்கொள்ளுங்கள், லேசான டெஸ்க்டாப்போடு ஓடும்.

காசு வாங்காம யாரோ எங்கேயோ உட்கார்ந்து செய்றாங்க. அவங்கள்ல ஒருத்தன் கெட்டவனா இருந்தா?

இருந்தான். எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலை ஒருவர் தனியாகப் பல வருடம் பராமரித்துக் களைத்துப்போயிருந்தார். உதவ வந்தவர் போல ஒரு ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பை வாங்கி, 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் கள்ளக்கதவு வைத்தார். போஸ்ட்கிரெஸ்ஸில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29-ல் வெளியே சொன்னார்.

அப்போது ஸ்டேபிளாக இருந்த டெபியன் 12-ல் எக்ஸ்இசட் 5.4.1 தான் இருந்தது. கள்ளக்கதவு அன்ஸ்டேபிள், டெஸ்டிங் வரைதான் போயிருந்தது. முதல் பதிலில் சொன்ன அந்தக் காத்திருப்பு நம் கடைகளையும் பள்ளிகளையும் காப்பாற்றியது. ஏப்ரலில் வர வேண்டிய 12.6-ஐயும் நிறுத்தி, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு ஜூன் 29-ல்தான் வெளியிட்டார்கள். காசு பற்றிச் சொன்னால், இதில் பலர் நிறுவனச் சம்பளத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள்தான். தனியாக, சும்மா, சோர்ந்துபோய்ச் செய்பவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரலுக்கு வருடம் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். நன்றி என்று ஒரு வரி எழுதினாலும் அது அவர்களுக்குப் பெரிது.

நான் ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கேன். எப்படிச் சொல்றது? இங்கிலீஷ் அவ்வளவா வராது.

மூன்று விஷயம் போதும்: என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், இலக்கணம் யாரும் பார்க்க மாட்டார்கள். டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி, வெர்ஷன் விவரங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். வெர்ஷனை முழுசாக எழுதுங்கள், முன்பு சொன்ன பின்பாதியோடு. தமிழ் எழுத்து சம்பந்தமான பிழை என்றால் படத்தோடு, அந்தச் சொல் உள்ள கோப்பையும் இணையுங்கள். படத்தை மட்டும் வைத்து அவர்களால் சோதிக்க முடியாது.

முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டது என்றால் எந்த வெர்ஷன் வரை சரியாக இருந்தது என்று சொல்வது பொன்னான தகவல். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்று தேடும் 'கிட் பைசெக்ட்' கருவியைப் பயன்படுத்தலாம். நடுவில் பிளந்து பிளந்து தேடுவதால் 1000 மாற்றங்களுக்குள் குற்றவாளியைப் பத்தே சோதனையில் பிடித்துவிடலாம். பாதுகாப்பு ஓட்டை என்று தோன்றினால் மட்டும் பொதுவில் போடாமல் பாதுகாப்புக் குழுவுக்கு நேராக எழுதுங்கள்.

புகார் கொடுத்தேன். 'அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிட்டோம்'னு மூடிட்டாங்க. எங்கிட்ட இருக்கிறது ஸ்டேபிள். எனக்கு என்ன வழி?

மூடியது முடிந்ததாக அர்த்தமில்லை. டெபியன் ஒவ்வொரு பிழையையும் எந்த வெர்ஷனில் இருக்கிறது, எதில் தீர்ந்தது என்று தனித்தனியாகக் குறித்து வைக்கிறது. ஸ்டேபிளில் இன்னும் இருக்கிறது என்பது அங்கேயே தெரியும். அதே இழையில் மரியாதையாகக் கேளுங்கள்: இந்தப் பிழையால் எங்கள் கணக்கு அழிகிறது, ஸ்டேபிளுக்கும் இந்தத் திருத்தம் வருமா? 'வேண்டும்' என்று பத்து முறை எழுதுவதைவிட என்ன அழிந்தது, எத்தனை முறை என்று ஒருமுறை எழுதுவது வேலை செய்யும்.

பராமரிப்பவர் திருத்தத்தைத் தயாரித்து ப்ரொப்போஸ்டு பகுதியில் வைத்தால், ஒரு சோதனைக் கணினியில் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது அல்லது இல்லை என்று திரும்ப எழுதுங்கள். தேவகோட்டைப் பள்ளி லேப்பில் உபயோகம் இல்லாத ஒரு கணினியை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பிளஸ் டூ மாணவிகள் இருவர் சனிக்கிழமைகளில் சோதித்து முடிவை எழுதுகிறார்கள். அவர்கள் எழுதிய புகாருக்குப் பதில் வந்த அன்று லேப் முழுக்க ஒரே சந்தோஷம்.

சரி பண்ணவே முடியாத தப்புன்னா?

பழைய நிரலில் திருத்தத்தைப் பதிக்க வழியே இல்லாமலும் போகும், அல்லது எழுதியவரே கைவிட்டிருப்பார். அப்போது அந்த நிரலை ஸ்டேபிளிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்திருந்தால், சிறு வெளியீட்டின் அறிவிப்பில் நீக்கப்பட்டவை என்று தனிப் பட்டியல் வரும். ஆனால் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பது அங்கேயே இருக்கும், யாரும் வந்து எடுக்க மாட்டார்கள். திருத்தமும் வராது. அதனால் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். 'டெபியன் செக்யூரிட்டி சப்போர்ட்' என்ற பொதியை நிறுவினால், உங்கள் கணினியில் ஆதரவு முடிந்த நிரல் எது என்று அதுவே சொல்லும். விடுதியில் போன மாதம் அதைப் போட்டபோது இரண்டு பெயர் வந்தது. ஒன்றை யாரும் தொட்டதே இல்லை, எடுத்துவிட்டேன். மற்றதற்கு மாற்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்தக் கணினிக்கு இணைய இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறேன்.